145 எண்களும் ஓர் ஆர்மோனியமும்

1986இல் எங்கள் மாமா டோஹாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த சாமான்களுள் எல்லோரும் கொண்டுவருகின்ற டேப் ரெக்கோடரும் போர்வைகளும் இருந்தன. அவற்றோடு நீளமான ஒரு பெட்டியும் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்துதான் அதைச் சோனகத் தெரு வீட்டுக்குள் தூக்கி வந்தார்கள். தையல் மெஷின் என்று நினைத்து உம்மம்மா மகிழ்ந்துவிட்டார். திறந்து பார்த்தால் 61 கட்டைகள் கொண்ட ஒரு யமஹா டி.எக்ஸ். 7 சிந்தசைசர். யாரோ பாவித்துவிட்டு விற்றது. "இதால சோறு வருமா?" என்பதுதான் உம்மம்மாவின் முதல் கேள்வி.

எனக்கு அப்போது ஏழு வயது. அந்த வாத்தியத்தைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்தவற்றில் ஒன்றுகூட அன்று தெரியாது. அது 1983இல் சந்தைக்கு வந்தது என்பதோ, உலகெங்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது என்பதோ, எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகளில் மணிபோல ஒலிக்கும் அந்த மின்பியானோ பெரும்பாலும் இதனுடையதே என்பதோ தெரியாது. அதற்கு ஒலிபெருக்கி கிடையாது. மாமா அதை வானொலிப் பெட்டியோடு வயர் போட்டு இணைத்தார். கட்டையை அழுத்தினால் வேறெங்கோ இருக்கும் வானொலியிலிருந்து சத்தம் வந்தது. அதுவே எனக்குப் போதுமான அதிசயமாயிருந்தது.

மாமாவுக்கு மின்பியானோ தேவைப்படவில்லை. அவருக்கு வேண்டியது ஓர் ஆர்மோனியம்.

உம்மாவின் வாப்பாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், ஒரு பழைய ஆர்மோனியம் இருந்ததாம். ரபியுல் அவ்வல் மாதத்திலும் கலியாண வீடுகளிலும் அவர் அதை வைத்துக்கொண்டு பாடுவாராம். நான் பிறப்பதற்கு முன்பே அப்பாவும் மௌத்தாகிவிட்டார், ஆர்மோனியமும் உளுத்துப் போய்விட்டது. அந்தச் சத்தத்தை மாமா காதில் வைத்திருந்தார். பகலெல்லாம் ஹோட்டலொன்றில் மின்சார வேலை செய்துவிட்டு, இரவில் இந்தப் பெட்டியில் அந்தச் சத்தத்தைத் தேடியிருக்கிறார்.

அது இலகுவான காரியமல்ல. பழைய சிந்தசைசர்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் இருக்கும். திருப்பினால் சத்தம் மாறும். டி.எக்ஸ். 7இல் குமிழ்கள் இல்லை. தட்டையான பொத்தான்கள், இரண்டே வரி காட்டும் சின்னத் திரை, பெறுமானத்தை மாற்ற ஒரேயொரு நகர்த்தி. ஒரு சத்தத்தை ஆக்க 145 எண்கள் வேண்டும். பெரும்பாலான இசைக்கலைஞர்கள் இந்த வேலைக்கே போகவில்லை. கம்பனி வைத்துத் தந்த சத்தங்களையே வாசித்தார்கள். மாமா மட்டும் ஒரு கொப்பியில் எண்களை எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருந்தார்.

1987இன் ஏதோவொரு இரவில் அது அவருக்குக் கைகூடியது. அந்தச் சத்தத்துக்கு வைக்கும் பெயர் பத்து எழுத்துக்குள் அடங்க வேண்டும். மாமா ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகளில் 'வாப்பா' என்று வைத்தார். பாடசாலைக்கு வெளியே நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆங்கிலச் சொல் அதுதான்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. டி.எக்ஸ். 7ஐ ஒரு கட்டில்விரிப்பால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலம். உடுத்த உடையோடும் கையில் கொண்டுபோக அனுமதித்த சொற்பத்தோடும் நாங்கள் தெருவை விட்டுப் போனோம். அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அலுமாரிக்கு மேலே இருந்ததைப் பற்றி மட்டுமே.

அந்த வாத்தியத்துக்குள் ஒரு சிறிய லித்தியம் பற்றரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது, ஆக்கி வைத்த சத்தங்களை நினைவில் வைத்திருப்பது அதுதான். ஐந்தாண்டுகள் தாங்கும், சிலவேளை அதற்கு மேலும் தாங்கும். பிறகு நினைவு அழிந்துவிடும். கம்பனியின் சத்தங்களை வேறிடத்திலிருந்து மீண்டும் ஏற்றலாம். ஒருவர் தன் கையால் ஆக்கியதை ஏற்ற முடியாது. 2002இல் பாதை திறந்தபோது மாமா வீட்டைப் பார்க்கப் போனார். கூரையும் இல்லை, கதவுகளும் இல்லை, அலுமாரியும் இல்லை. திரும்பி வந்து, "எங்கயாவது ஒரு வீட்டில இருந்தாலும் இப்ப அது வெறும் பெட்டிதான்" என்று மட்டும் சொன்னார்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்ந்த ஆண்டுகளிலும் அதன் பிறகும் மாமா எந்த வாத்தியத்தையும் தொடவில்லை. தாடி வைத்தார், ஜமாஅத்தோடு போனார், வந்தார். இசை ஆகுமா ஆகாதா என்ற வாதம் ஊரில் சூடாக நடந்த காலம் அது. மாமா மார்க்கத்துக்காக விட்டுவிட்டார் என்று நாங்கள் எல்லோரும் தீர்மானித்துக்கொண்டோம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதையெல்லாம் மீண்டும் கிளறிவிட்டது ஒரு கஸெட். மருதானையில் இருக்கும் சாச்சி வீட்டைத் திருத்தும்போது பழைய பெட்டியொன்றில் அது கிடைத்தது. 1988இல் எங்கள் வீட்டில் நடந்த கலியாணமொன்றின் ஒலிப்பதிவு. பிள்ளைகளின் கூச்சல், பீங்கான் சத்தம், யாரோ ஒருவர் இடைவிடாமல் இருமுவது, இவற்றுக்கெல்லாம் பின்னால் மாமாவின் 'வாப்பா'. ஏறத்தாழ நான்கு நிமிடங்கள்.

அந்தச் சத்தத்தைக் கணனியில் மீண்டும் ஆக்க முடியுமா என்று தேடத் தொடங்கினேன். தேடியபோதுதான் டி.எக்ஸ். 7 ஒரு விசித்திரமான வாத்தியம் என்று விளங்கியது.

மூக் போன்ற பழைய சிந்தசைசர்களில் சத்தம் மின்னழுத்தத்தால் பிறக்கிறது. சூடேறினால் சுருதி நகரும். உதிரிப்பாகம் பழசானால் தொனி மாறும். ஒரே மாதிரியான இரண்டு மூக் பெட்டிகள் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அவற்றை மென்பொருளில் பிரதி செய்பவர்கள் எந்தப் பெட்டியைப் பிரதி செய்வது என்ற கேள்வியிலேயே முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். டி.எக்ஸ். 7 அப்படியல்ல. அது கணக்குப் போடும் பெட்டி. அதே எண்களைக் கொடுத்தால் அதே விடைதான் வரும், 1983இலும் சரி, இன்றும் சரி.

அந்தக் கணக்கின் மூலகர்த்தா அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சௌனிங் என்ற இசையமைப்பாளர். பாடகர் குரலை அசைப்பதுபோல ஓர் ஒலியின் சுருதியை இன்னோர் அலையால் அசைத்துப் பார்த்தார். அசைவின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் அசைவு காதுக்குக் கேட்காமற் போய், அதனிடத்தில் புதியதொரு தொனி கேட்டது. இது நடந்தது 1967இல். 1973இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். யமஹா அந்த உரிமையைப் பெற்று, ஆறு அலைகள் ஒன்றையொன்று அசைக்கும் 32 ஒழுங்குகளோடு டி.எக்ஸ். 7ஐச் செய்தது. 2021இல் கென் ஷெரிஃப் என்ற பொறியியலாளர் அதன் சிப்பைத் திறந்து நுணுக்குக்காட்டியால் படமெடுத்து ஆராய்ந்தார். உள்ளே இருந்தவற்றுள் ஒன்று மடக்கை அட்டவணை. சாதாரண தரத்தில் நாங்கள் பெருக்கலைக் கூட்டலாக்கப் பாவித்தோமே, அதே தந்திரம்தான்.

ஆகவே மென்பொருட்காரர்களுக்கு இதைப் பிரதி செய்வது ஒப்பீட்டளவில் இலகு. 2006இல் வந்த எஃப்.எம். 8, பழைய டி.எக்ஸ். 7இன் சத்தங்களை வாசிக்கக் கூடியது. ஆர்ட்டூரியா கம்பனி 2017இல் டி.எக்ஸ். 7 வி என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. இவை காசுக்கு விற்கப்பட்டவை. நான் எடுத்தது இலவசமாகக் கிடைக்கும் டெக்ஸெட். அன்ட்ரொய்ட் கைபேசிகளுக்காக ராஃப் லெவியன் எழுதித் திறந்து விட்ட ஒலி இயந்திரம் அதற்குள் ஓடுகிறது. கணக்கை எவ்வளவு நுட்பமாகப் போடுவது என்று தெரிவு செய்யும் வசதியும் அதில் உண்டு: 'மொடர்ன்' என்பது துல்லியமானது, 'மார்க் 1' என்பது பழைய பெட்டியின் கரடுமுரடை நெருங்க முயல்வது. பழைய பெட்டி ஒலியை வெளியே அனுப்பும் இடத்தில் 12 பிட் அளவில்தான் வேலை செய்தது. மெல்லிய சத்தங்கள் அடங்கிப் போகும்போது ஒருவித மணல் உரசல் கேட்கும். அந்த மணலும் சேர்ந்துதான் டி.எக்ஸ். 7.

எனக்கு வாத்தியம் கிடைத்துவிட்டது. எண்கள்தான் இல்லை.

ஒரு மாதம் இரவு இரவாக அந்த நான்கு நிமிடங்களைக் கேட்டேன். ஐந்தாம் ஒழுங்கை எடுத்தேன். அதில் அலைகள் மூன்று சோடிகளாக நிற்கும், ஒவ்வொரு சோடியிலும் ஒன்று மற்றதை அசைக்கும். ஆறாவது அலை தன்னைத் தானே அசைக்கக் கூடியது. அதைக் கூட்டினால் ரீட் போன்ற ஒரு கரகரப்பு வரும். கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனாலும் என்னுடையது செத்துக் கிடந்தது. கஸெட்டில் இருந்தது மூச்சு விட்டது. நாடாவின் தள்ளாட்டம்தான் அந்த மூச்சு என்று ஒருநாள் தோன்றியது. வானொலிப் பெட்டியின் பழைய ஸ்பீக்கர் என்று மறுநாள் தோன்றியது. 'மார்க் 1'க்கு மாற்றிப் பார்த்தேன். அதுவுமில்லை.

கடைசியில் மடிக்கணனியையும் சின்னதொரு கீபோட்டையும் தூக்கிக்கொண்டு புத்தளத்துக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. லுஹருக்குப் பிறகு முற்றத்து வாங்கில் இருந்தார். நான் பயந்துகொண்டுதான் போனேன். மார்க்கத்துக்காக விட்ட ஒன்றை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கிறேனே என்ற பயம்.

முதலில் கஸெட்டைப் போட்டேன். முழுவதையும் கேட்டார். இருமுவது யார் என்று சொன்னார்; அந்த மனிதர் காலமாகிப் பத்து வருடமாகிறதாம். பிறகு என்னுடையதை வாசித்துக் காட்டினேன்.

"என்னத்துக்கு மகன் இது விரலுக்குக் கோவிக்குது?" என்றார்.

விளங்கவில்லை. அவரே சொன்னார்: "நீ அடிச்சா சத்தம் கூடுது, தடவினா குறையுது. அது பியானோ. ஆர்மோனியத்துக்கு விரல் தெரியாது, காத்து மட்டும்தான் தெரியும். ஆறையும் பூச்சியமாக்கு."

டி.எக்ஸ். 7இல் ஒவ்வோர் அலைக்கும் விரலின் விசையை எவ்வளவு மதிப்பது என்று பூச்சியத்திலிருந்து ஏழு வரை ஓர் எண் உண்டு. ஆறையும் பூச்சியமாக்கினேன். மீண்டும் கேட்டார்.

"இன்னும் ரெண்டு ரீட்டும் ஒண்டாக் கிடக்கு. வாப்பாட பெட்டியில ஒரு ரீட் எப்பவும் ஒரு பொட்டு விலகித்தான் நிக்கும். ஆக்கள் அதைச் சரியாக்கச் சொல்லுவினம். வாப்பா விடமாட்டார். மூண்டை மேல ஏத்து, ஒண்டை மூண்டு கீழ இறக்கு."

முதலாவது அலையின் சுருதியை மூன்று பங்கு கீழேயும் மூன்றாவதின் சுருதியை மூன்று பங்கு மேலேயும் நகர்த்தினேன். காதுக்குத் தனியாகத் தெரியாத அளவு விலகல். கட்டையை அழுத்தினேன். சத்தம் மெல்ல அலைந்து மூச்சு விடத் தொடங்கியது. உள்ளேயிருந்த மாமி வாசலுக்கு வந்து நின்றார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், முப்பது வருடத்துக்கு மேல் பிந்தி.

"ஹராம் எண்டு பாத்து விடேல்ல மகன்" என்றார் மாமா. "அந்த முடிவை ஆலிம்கள் சொல்லட்டும். முகாமுக்கு வந்த முதல் வருசம் எண்களை ஒவ்வொண்டா மனசில சொல்லிப் பாப்பன். ஒரு நாள் பத்துப் பதினைஞ்சு மறந்து போச்சு. பிறகு நான் சொல்லிப் பாக்கிறதையே விட்டிட்டன். மிச்சமும் போயிரும் எண்டு பயம்."

பிறகு கீபோட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். இரண்டு வரி வாசித்தார். விரல்கள் இடறின. மூன்றாவது வரியில் இடறவில்லை. அஸருக்கு அதான் கேட்டதும் நிறுத்திவிட்டு வுழூ செய்ய எழுந்தார். போகும்போது திரும்பி, "அதை எழுதி வை" என்றார்.

பெயர் கேட்டு நின்ற பெட்டிக்குள் அந்த ஐந்து எழுத்துகளை அடித்தேன். எல்லா எண்களும் அப்படியே அதே எண்கள்தாம் என்று நான் சொல்லமாட்டேன். எட்டை அவர் தந்தார். மிச்சம் என் காது. மூத்தவர் காதில் வைத்திருந்த ஆர்மோனியத்தின் பிரதியை, அதைப் பிரதி செய்த பெட்டியின் பிரதியில், நான் பிரதி செய்திருக்கிறேன். மாமா ஏற்றுக்கொண்டார். அது எனக்குப் போதும்.

32 சத்தங்கள் அடங்கும் அந்தக் கோப்பின் அளவு 4,104 பைட். இன்றைய கைபேசிப் படமொன்றின் ஓரத்துத் துணுக்குக்கும் காணாது. ஒரு பிரதியை மாமாவின் மகளுக்கு அனுப்பினேன். ஒன்று சாச்சியிடம் இருக்கிறது. ஒன்று என்னிடம். எண்களை ஒரு கொப்பியிலும் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். இந்தத் தடவை நான்கு இடத்தில் இருக்கட்டும்.