சுத்தியலும் மைசூர்பாகும்

தீபாவளி மலர்களைப் புரட்டிப் பாருங்கள். தலைதீபாவளி மாப்பிள்ளையும் தீபாவளி லேகியமும் வருகின்ற பக்கங்களில் மைசூர்பாகும் தவறாமல் வரும். அதை உடைக்கச் சுத்தியலும் கூடவே வரும். ஆண்டுதோறும் அதே துணுக்கு. ஆண்டுதோறும் நாமும் சிரிக்கிறோம். அண்டை வீட்டார் அன்போடு தட்டில் வைத்து நீட்டும் பண்டம் பல்லுக்குப் பகையாவதில் அப்படி என்னதான் சிரிப்பு?

அமெரிக்கர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. 1989-இல் வந்த 'கிறிஸ்துமஸ் வெக்கேஷன்' என்னும் படத்தில், கம்பெனி போனசை நம்பி நீச்சல் குளத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறான் கதாநாயகன். உறை வருகிறது. உள்ளே பணம் இல்லை. ஓராண்டுக்கு மாதம் ஒரு ஜெல்லி அனுப்பும் சங்கத்தில் உறுப்பினர் சீட்டு! பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். கோவையில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவனுக்கு அந்த இடத்தில் சிரிப்பு சற்றுத் தாமதமாகத்தான் வரும்.

1888-இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தறியும் நூலுமாகத் தலையெடுத்து, பைக்காரா மின்சாரத்தால் ஆலைகள் பெருகிய ஊர் இது. இங்கே தீபாவளி நோம்பி என்றால் போனஸ். 1965-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் வகுத்தபடி குறைந்தது 8.33 சதவீதம், மிகுந்தால் 20. அந்த 8.33 வேறொன்றுமில்லை, பன்னிரண்டில் ஒரு பங்கு. ஜவுளிக்கடைக் கடனும் மளிகைக் கணக்கும் போக மிஞ்சுவதுதான் நெய்.

ஆம், நெய்! சர்க்கரைப் பாகு கம்பிப் பதம் வந்ததும் கடலைமாவைத் தூவிக் கிளற வேண்டும். காய்ந்த நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே இருந்தால் மாவு பொங்கிக் கூடு கூடாக வரும். பாகு முற்றினாலும் கல்லாகும். நெய் குறைந்தாலும் கல்லாகும். துணுக்கு எழுதுவோர் எப்போதும் இல்லத்தரசியின் கைப்பக்குவத்தையே குறை சொல்வார்கள். கரண்டி நெய்ப் பாத்திரத்தின் அடியைத் தட்டும் ஓசை அவர்கள் காதில் விழுந்ததில்லை போலும். எங்கள் வளவில் அந்த ஆண்டுப் போனஸ் எத்தனை சதவீதம் என்பதை மைசூர்பாகைக் கடித்தே சொல்லிவிடலாம். இருபது என்றால் நாவில் கரையும். எட்டுச் சொச்சம் என்றால் கடைவாய்ப் பல் பேசும்.

1948-இல் இவ்வூரில் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், நெய்யில் ஊறிய மெத்தென்ற 'மைசூர்பா'வை நாடறியச் செய்துவிட்டது. துணுக்கு எழுதுவோர் பிழைப்பில் மண்ணைப் போட்ட பெருமை எங்கள் ஊரையே சாரும்.

நான் பள்ளியில் படித்தபோது, அப்பா வேலை பார்த்த ஆலை ஐப்பசி பிறக்குமுன்பே கதவடைத்தது. போனஸ் பேச்சே இல்லை. அம்மா பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்து, எண்ணெயில் கச்சாயம் சுட்டாள். அதைத் தட்டில் அடுக்கி, துணியால் மூடி, எதிர்வீட்டு ஆத்தாளிடம் தலைகுனிந்தபடியே நீட்டினாள். ஆத்தாள் துணியை விலக்கிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இந்த நோம்பிக்குச் சுத்தியலுக்கு வேலையில்லையா?"

அம்மா சிரித்துவிட்டாள். திண்ணையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்த அப்பாவும் எழுந்து உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டார்.