வெள்ளாத்து வாயில ரெண்டு ராத்திரி

கடலுக்கு மேற்கே 30, 40 கிலோமீட்டர்ல இருக்கற குடியானவன் கடலுக்கு எப்பப் போவான்? மாசி மகத்துக்குப் போவான், அஸ்தி கரைக்கப் போவான். அதுக்கு மேல கடலோட அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. மீன் வேணும்னா வண்டியில வாசலுக்கே வந்துடும். எங்க தூண்டில் எல்லாம் வாய்க்காலும் குளமும்தான். கெண்டை, கெளுத்தி, விரால். மழைக்கு ஏரியிலிருந்து எதிர்த்து ஏறுற ஏத்து மீனை மடையில நின்னு ஊத்தா போட்டுப் பிடிப்போம்.

இந்த வருஷம் கடலுக்குப் போனது என் மச்சான் தயவு. சென்னையில வேலை. கூடாரம், ரீல் வெச்ச தூண்டில், மடக்கு நாற்காலின்னு ஒரு கார் நிறைய சாமானோட வந்து இறங்கினான். நேரமும் தோதா இருந்தது. சம்பா அறுத்தாச்சு. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே நெல்லுக்குள்ள தெளிச்ச உளுந்து ரெண்டிலை விட்டு நிக்குது. அதுக்குத் தண்ணி வேண்டாம், மண்ணுல இருக்கற ஈரமும் விடியக்காலைப் பனியும் போதும். எங்க பக்கத்து விவசாயிக்கு லீவுன்னு ஒண்ணு உண்டுன்னா அது இந்த ரெண்டு வாரம்தான். நான், மச்சான், அவன் பையன், என் பொண்ணு, நாலு பேரும் பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பினோம்.

வெள்ளாறு கடல்ல சேர்ற இடம் பரங்கிப்பேட்டை. சேலம் பக்கத்து வசிஷ்ட நதியும் சுவேத நதியும் ஒண்ணாகி, வழியில மணிமுக்தாவையும் சேர்த்துக்கிட்டு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி வர்ற ஆறு. எங்க வீராணம் நிறைஞ்சா உபரித் தண்ணியும் இதுலதான் விழும். முகத்துவாரத்துக்குப் பக்கத்துல அன்னங்கோயில், படகுத்துறை. அதுக்கு வடக்கே கடலோரம் பூரா சவுக்குத் தோப்பு. தெரிஞ்சவர் ஒருத்தர் தோப்புல கூடாரம் அடிச்சோம். ஊருக்குள்ள சொல்லிட்டு, பட்டா நிலத்துல தங்கறதுதான் நல்லது. தெற்கே பிச்சாவரம் காட்டுப் பக்கம் கண்ட இடத்துல தங்க முடியாது, அது வனத்துறை இடம். இன்னொண்ணும் சொல்லிடறேன். தையிலிருந்து பங்குனி வரைக்கும் ராத்திரியில கடல் ஆமை முட்டை போட கரை ஏறும். கடற்கரைக்கு டார்ச் லைட், நெருப்பு எதுவும் கொண்டு போகாதீங்க. வெளிச்சம் கண்டா ஆமை திரும்பிப் போயிடும்.

நாங்க போய்ச் சேர்ந்தது உச்சிவேளை, வத்தம். கழிமுகம்னா ஆழமா, அகலமா பயமுறுத்தும்னு பிள்ளைங்க நினைச்சிருந்தாங்க. ஓரத்துல பாதி இடம் முழங்கால் தண்ணி. நடுநடுவே மணல் திட்டு முதுகு காட்டிக்கிட்டுக் கிடந்தது. ஆறு ஓடுற பள்ளம் மட்டும் கருப்பா ஒரு பக்கமா ஒதுங்கிப் போகுது. நடவுக்குத் தண்ணி கட்டின பெரிய வயல் மாதிரி இருந்தது. வரப்புதான் இல்ல.

அங்க ஒரு பெரியவர் வீச்சு வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னார். சுனாமிக்கு முந்தி தெற்கே எம்.ஜி.ஆர். திட்டுல குடியிருந்தவராம். 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் அந்தத் திட்டுல யாரும் குடியில்ல. மச்சான் ரீலைச் சுத்தி ஆத்துப் பள்ளத்துல வீசப் போனப்ப அவர்தான் நிறுத்தினார்.

"தம்பி, இப்ப எறிஞ்சு என்ன பண்ணப் போறீங்க. ஏத்தம் வரட்டும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க, இழைச்சுக்கிட்டே நடங்க. திருக்கை படுத்திருக்கும்."

மிதிச்சாத்தான் திருக்கை வாலை அடிக்கும், கால் உரசினா தானா விலகிப் போயிடும். அதனால நாலு பேரும் பரம்படிக்கற மாதிரி காலை இழுத்து இழுத்து நடந்தோம்.

ஏத்தம், வத்தம் கணக்கை அவர் சொல்லித்தான் பிள்ளைங்க கேட்டாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம். மறுநாள் கிட்டத்தட்ட ரெண்டு நாழிகை தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வேகம் அதிகம், அஷ்டமி நவமியில சோம்பல். மகத்துக்கு 3 நாள்தான் இருந்ததால தண்ணிக்கு நல்ல இழுப்பு. நம்ம கடற்கரையில மொத்த ஏத்தமே ஒரு மீட்டருக்குள்ளதான். ஆனா முழங்கால் ஆழத்துல முக்கால் மீட்டர் ஏறுதுன்னா அது பெரிய விஷயம். மத்தியானம் காஞ்சு கிடந்த திட்டு மேல சாயங்காலம் மீன் மேயுது.

அங்கதான் எனக்குப் பிடிபட்டுச்சு. இது நம்ம மடைதான். கடல் ஏறும்போது மீன் திட்டு மேல மேயப் போகுது: புழு, சின்ன இறால், பாசி. வத்தும்போது வடிகால் வழியா பள்ளத்துக்கு இறங்குது. பெரிய மீன் அந்த வாயில காத்திருக்குது. ஏத்து மீன் பிடிக்கறவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, எங்க நிக்கணும்னு கால் தானாப் போகும். என்ன வித்தியாசம்னா, எங்க மடைக்குப் பலகை உண்டு, போடவும் எடுக்கவும் ஆள் உண்டு. இங்க பலகை நிலாகிட்ட இருக்கு.

இரை சமாச்சாரம் மட்டும் வேற. மண்புழு உப்புத் தண்ணியில கொஞ்ச நேரத்துல வெளுத்துத் தொங்கிடும். அதனால இறால்தான். எதிர்க்கரையில கிள்ளைப் பக்கத்து இருளர் சனங்க வலையும் இல்லாம தூண்டிலும் இல்லாம, சேத்துத் தண்ணியில குந்தி, ரெண்டு கையாலயும் துழாவி இறால் பிடிக்கறாங்க. பிடிச்சதைப் போட ஒரு ஓலைப் பரி, அதைப் பல்லுல கடிச்சுக்குவாங்க. நாத்து நடற வேகத்துல கை போகும். மச்சான் வாங்கின ரீல் விலைக்கு அவங்க எத்தனை நாள் குந்தணும்னு மனசு ஒரு கணக்குப் போட்டுச்சு. அவன்கிட்ட சொல்லல.

சின்ன முள், மெல்லிய நரம்பு, இறால் துண்டு. திட்டு ஓரமா போட்டதுல பொண்ணுக்கு முதல்ல கிழங்கான் கிடைச்சது. விரல் நீளம்தான், வெள்ளிக் குச்சி மாதிரி. பயந்தா மணலுக்குள்ள புதைஞ்சுக்கும் இந்த மீனு. ருசியான மீன், முள்ளும் தொல்லை பண்ணாது. பிள்ளைங்களுக்குக் குடுக்கலாம். அப்புறம் ஊடான் நாலஞ்சு, ஒரு கடல் கெளுத்தி. கெளுத்தியை மச்சான் கையால பிடிக்கப் போக, பெரியவர் துணி போட்டுப் பிடிச்சுக் கழட்டினார். அதோட முள்ளு குத்தினா ராத்திரி பூரா கடுக்கும். மடவை கூட்டம் கூட்டமா காலைச் சுத்தித் துள்ளினது, ஆனா தூண்டிலை மதிக்கல. அதுக்கு வலைதான். பெரியவர் ஒரே வீச்சுல பத்துப் பன்னெண்டு அள்ளினார். வலை விரியற அழகுக்கே பொண்ணு கை தட்டினா.

பொழுது சாய்ஞ்சு தண்ணி வத்த ஆரம்பிச்சதும் மச்சான் பையனுக்கு ஒரு கொடுவா விழுந்தது. சாண் நீளம். அவனுக்குத் தலைகால் புரியல. பெரியவர் வாங்கிப் பார்த்துட்டு, "இது இன்னும் சின்னப் பையன். விட்டுடு தம்பி" ன்னார். கொடுவா முதல்ல ஆணாத்தான் இருக்கும், சில வருஷம் கழிச்சுத்தான் பெண்ணா மாறும். பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்ணுதான். இங்கேயே ஆத்தங்கரையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையம் இருக்கு, அங்க வர்றவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாராம். பையன் முகம் சுண்டிப் போச்சு. போட்டோ எடுத்துட்டு விட்டான். விட்ட கையைத் தண்ணிக்குள்ளயே கொஞ்ச நேரம் வெச்சிருந்தான்.

ராத்திரி தோப்புல குழம்பு கொதிக்கும்போது பேச்சு தண்ணிப் பக்கம் போச்சு. விவசாயி இருக்கற இடத்துல வேற எங்க போகும். போன ஐப்பசி கார்த்திகையில இந்த ஆத்துல எவ்வளவு ஓடி வீணாக் கடல்ல கலந்ததுன்னு ஆரம்பிச்சேன். எங்க ஊர் டீக்கடையில தினம் பேசற வாக்கியம்தான் இது, பேப்பர்லயும் அப்படித்தான் எழுதறாங்க.

பெரியவர் அடுப்பைக் கிளறிக்கிட்டே கேட்டார். "வீணுன்னா யாருக்கு வீணு?"

அவர் சொன்ன கணக்கு இது. இறாலும் மடவையும் முட்டை போடறது கடல்ல. குஞ்சு வளர்றது இந்த முழங்கால் தண்ணியில. குஞ்சு உள்ள வரணும்னா வாய் திறந்திருக்கணும். கடல் சும்மா இருக்காது, மணலைக் கொண்டாந்து கொண்டாந்து வாயில அடைக்கும். கார்த்திகை வெள்ளம் வந்து அதைக் கிழிச்சுக்கிட்டுப் போனாத்தான் அந்த வருஷம் முகத்துவாரம் நல்லா இருக்கும். மழை பொய்ச்ச வருஷம் மணல் மேடு ஏறிடும், படகு தரை தட்டும், அலையில சிக்கிக் கவிழும். தூர்வாரச் சொல்லி மனு குடுக்கறது இங்க ரொம்ப வருஷத்துக் கதை. மிஷின் வெச்சு அள்ளினாலும் கடல் திரும்பக் கொண்டாந்து போடும்.

நானும் சும்மா இருக்கல. "மூணு நாள்ல மொத்தமும் ஓடிடுதே ஐயா. தை மாசிக்கு எங்க கடைமடை காயுது. ஆத்துல தண்ணி நின்னாத்தானே நிலத்தடியிலயும் உப்பு ஏறாம இருக்கும்? தடுத்து வெச்சா உங்களுக்கும்தான நல்லது?"

"தேக்கிக்குங்க, யாரு வேணாம்னா? எல்லாத்தையும் தேக்காதீங்கன்றேன். எங்களுக்கும் ஒரு முறை வெச்சு விடுங்க."

முறை. எங்க வாய்க்கால்ல நாங்க சண்டை போடற அதே வார்த்தை. மேல்மடைக்காரன் கட்டிக்கிட்டது போகத்தான் நமக்குன்னு நாங்க வருஷா வருஷம் புலம்பறோம். வீராணம் 47.5 அடி நிறைஞ்சாலும் எங்களுக்கு எப்ப விடுவான்னு ஷட்டரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம். 2004லிருந்து சென்னைக்கும் இதே ஏரியிலிருந்து குழாய் போகுது. இதைப் படிக்கறவங்கள்ல நிறையப் பேர் ஒரு வகையில எங்க மேல்மடைக்காரங்க. எங்களுக்குக் கீழேயும் ஒரு மடை இருக்கு, அங்கேயும் முறை கேட்கற ஆள் இருக்கார்னு டீக்கடையில சொன்னா என்ன பதில் வரும்னு யோசிச்சுக்கிட்டுப் படுத்தேன். ஒரு பதிலும் சுலபமா இல்ல. கூடாரம் பனியில நனைஞ்சு சொட்டிக்கிட்டிருந்தது. சவுக்கு இரைச்சலையும் கடல் இரைச்சலையும் பிரிச்சுக் கேட்க முடியல.

மறுநாள் காலையில கடல் பக்கம். மச்சானோட ரீலுக்கு அங்கதான் வேலை. ரெண்டு அலை உடையற இடத்துக்கு நடுவுல ஒரு பள்ளம் கரையோடவே ஓடும், தண்ணி நிறம் கொஞ்சம் கருத்திருக்கும். ஈயக்குண்டு அதுல விழணும். ரொம்பத் தூரம் எறியறதெல்லாம் வீரம் காட்டத்தான். அலை வாங்கும்போது மணலுக்குள்ள சட்டுனு புதையுமே, கட்டைவிரல் தண்டி பூச்சி, அதைத் தோண்டி எடுத்துக் கோர்த்தா நல்ல இரை. பிள்ளைங்க அதைத் தோண்டறதுலயே காலைப் பொழுதைக் கழிச்சாங்க. தண்ணிக்குள்ள விடல, இந்தக் கரை பத்தடியில ஆழமாகிடும், இழுப்பும் மோசம். ஒரு குட்டிப் பாரை, ரெண்டு கிழங்கான். மச்சானுக்கு அதுவே போதும், பாரையோட இழுப்பை மூணு தடவை நடிச்சுக் காட்டினான்.

ரெண்டாம் நாள் ராத்திரியும் தங்கினோம், அதே கிழங்கான், அதே குழம்பு. கிளம்பற அன்னிக்கு பெரியவர் வாழை இலையில மடவை சுத்திக் கொண்டாந்தார். காசு குடுத்தேன், வாங்கல.

"உளுந்து போட்டிருக்கேன்னீங்களே. அறுத்தா ரெண்டு படி குடுத்தனுப்புங்க, எங்க வீட்ல இட்லிக்கு ஆகும்."

பங்குனிக் கடைசியில அறுப்பு. பூச்சி இல்லாம வந்தா ஏக்கருக்கு மூணு மூட்டை தேறும். ஒரு மரக்காலாத் தனியா எடுத்து வெச்சிடச் சொல்லி வீட்ல சொல்லியிருக்கேன்.