சான்றிதழ் வயதும் முழங்கால் வயதும்

காரைக்குடி டவுன் பஸ்ஸில் நடத்துநர் அவர். சான்றிதழில் பிறந்த மாதம் 1962 மே. பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் உத்தேசமாகப் போட்டது. "அதுக்கு ஒரு வருஷம் முந்தியே நீ பொறந்துட்டப்பா" என்பார் ஆத்தா.

2020 மே 31 அன்று, 58 வயதில், அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அந்த மாதமே தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் 60 என்று அறிவிப்பு வந்தது. சால்வையும் மாலையும் இரண்டு முறை தள்ளிப்போயின.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மகள் கல்யாணக் கடன் பாக்கி இருந்தது. இன்னும் இரண்டு வருடம் முழுச் சம்பளம் வரும். முழங்காலைத்தான் யாரும் கேட்கவில்லை.

2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம் என்று அவரே சொல்வார். ஆனால் கூட்டம் கூடியது. கம்பியில் சாய்ந்தபடி நாள் முழுக்க நின்றதில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போட்டார். சாப்பாடுதான் வேளை தவறியது.

கூடப் படித்தவர் ஒருவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கொப்புடையம்மன் கோயில் வாசலில் இருவரும் சந்தித்தபோது, "காலையில கெளம்பி ஆபீஸ் போறதே எனக்கு மருந்துடா" என்றார் அவர். அதுவும் உண்மைதான். வேலை ஒருவரை நிமிர்த்தி வைக்கிறது, இன்னொருவரைத் தேய்க்கிறது. அரசாணையில் இருவருக்கும் 60 தான்.

2023-இல் பிரான்ஸ் தன் ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக்கியபோது வீதிக்கு வந்தவர்கள் கேட்டதிலும் இது உண்டு: உடலால் உழைப்பவருக்கும் அதே கணக்கா?

மருத்துவச் சான்று இருந்தால் இலகுவான பணி கேட்கலாம். சான்று வாங்கும் அளவுக்கு உடம்பு கெட்ட பிறகு கேட்டு என்ன பயன்? நின்றே வேலை பார்ப்பவர்களுக்குக் கடைசி இரண்டு வருடமாவது உட்கார்ந்து பார்க்கிற வேலை தரலாமே என்பது அவர் எண்ணம்.

2022 மே 31 அன்று ஒருவழியாகச் சால்வை போர்த்தினார்கள். பையை வாங்கிக்கொண்ட இளம் நடத்துநரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஸ்டாண்டுல வண்டி நிக்கிறப்பவாச்சும் உக்காரு. தண்ணியக் குடி. காலு உன்னோடது."