டிரங்குப் பெட்டியும் மஞ்சள் பையும்



நம் கரிசல் பூமியில் முன்னாள் படைவீரர் ஒருவரின் வீட்டை அடையாளம் காண்பது எளிது. சுவரில் சீருடை அணிந்த நிழற்படம் இருக்கும். கட்டிலுக்கு அடியில், பெயரும் படை எண்ணும் வெள்ளை வர்ணத்தில் எழுதப்பட்ட கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். சுவர் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். பெட்டிக்குள் பதக்கங்களும் ஓய்வூதியத் தாள்களும் பத்திரமாக இருக்கின்றன. பைக்குள் எக்ஸ்ரே படங்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மை மங்கிய இ.சி.ஜி. தாள்கள் யாவும் கலந்து கிடக்கின்றன. பெட்டிக்குப் பூட்டு உண்டு, பைக்கு இல்லை.

வானம் பார்த்த இந்தப் பூமியில் மழை பொய்த்தால் பருத்தியும் உளுந்தும் கைவிடும். தீப்பெட்டி ஆலைக்குச் சென்றவர்கள் போக, ஆள்சேர்ப்பு வரிசையில் நின்றவர்களும் பலர். எங்கள் சபையிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். அவர்கள் படையிலிருந்த நாட்களில் உடல்நலக் கணக்கு ஒரே ஒழுங்கில் இருந்தது. மனநிலை, செவி, கைகால், உடல் வலிமை, பார்வை என ஐந்து கூறுகளையும் சோதித்து, ‘ஷேப்’ என்ற குறியீட்டில் தரம் எழுதுவார்கள். வீரர் எங்கு மாற்றப்பட்டாலும் அந்தத் தாளும் உடன் செல்லும். ஓய்வு பெற்றபின் அந்த ஒழுங்கு உடைந்துபோகிறது.

2003 ஏப்ரல் 1 முதல் முன்னாள் படைவீரர்களுக்கென ஈ.சி.எச்.எஸ். என்னும் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நடைபெறுகிறது. அது நல்ல திட்டம். அதனால் பிழைத்தவர்களை நான் அறிவேன். பாலிகிளினிக்கில் மருத்துவர் பார்ப்பார். மேல் சிகிச்சை வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதுவார். மதுரைக்குச் செல்வதென்றால் கோவில்பட்டியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். இடையில் காய்ச்சலுக்கு உள்ளூர் மருத்துவர், சர்க்கரைக்கு அரசு மருத்துவமனை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோப்பு. ஒரு கோப்பு மற்றொன்றை அறியாது. ஒரே நோய்க்கான மாத்திரையை இரண்டு பெயர்களில் இரண்டு இடங்களிலிருந்து வாங்கி, இரண்டையும் கடமை தவறாமல் விழுங்கியவர் ஒருவர் உண்டு. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகியவர் அல்லவா!

எங்கள் சபையின் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், முந்தைய ஆண்டு இருதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர், ஒரு மாலையில் காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். தலையில் அடி. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருத்துவர் அவருடைய மனைவியிடம் முதலாவதாகக் கேட்டது, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்பதே. அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். “ஐயா, காலையில ரோஸ் கலர்ல ஒண்ணு, ராத்திரி வெள்ளையில ஒண்ணு சாப்பிடுவாக. பேரு எனக்கு என்ன தெரியும்?” என்றார்கள். அந்நேரம் பாலிகிளினிக் பூட்டியிருந்தது. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையில் தொலைபேசியை எடுத்தவர், கோப்பைக் காலையில்தான் எடுக்க முடியும் என்றார். கடைசியில் பூனாவிலிருக்கும் மகன், தன் கைப்பேசியில் எப்போதோ படமெடுத்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் தாளைத் தேடியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதற்குள் மூன்று மணி நேரம் கடந்திருந்தது. தலைக்குள் சிறிதளவு இரத்தக் கசிவு இருந்தது. கர்த்தருடைய கிருபையால் அவர் எழுந்து நடக்கிறார். ஆயினும் அந்த மூன்று மணி நேரத்தை நான் இலகுவாக மறக்கவில்லை. அந்த மகன் அன்று படமெடுக்காதிருந்தால்?

சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியோடு தோற்சுருள்களையும் எடுத்துவரும்படி கேட்கிறார். தாள் ஓரிடத்திலும் தேவை வேறிடத்திலும் இருப்பது பழைய துன்பமே.

இப்போது இதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில், விரும்பும் எவரும் 14 இலக்கமுள்ள ‘ஆபா’ எண் பெறலாம். பலர் எண்ணுவதுபோல் எல்லாருடைய நோய்க் கணக்கும் டில்லியில் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. ஆவணம் அது உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். மற்றொரு மருத்துவர் கேட்டால் உங்கள் கைப்பேசிக்கு வேண்டுகோள் வரும். எந்த ஆவணம், எந்தக் காலத்தது, எத்தனை நாள் பார்க்கலாம் என்பதற்கு நீங்கள் இசைவு தர வேண்டும். தந்த இசைவைத் திரும்பப் பெறவும் முடியும். மருத்துவமனை இம்முறையில் இணைந்து, ஆவணத்தை உங்கள் எண்ணோடு சேர்த்திருந்தால்தான் இது பலிக்கும். எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது, விதையின்றி உழுத நிலம்தான்.

அமெரிக்காவில் வேறு வழி சென்றார்கள். அங்கும் முன்பு படைவீரர் எழுத்தில் சம்மதித்தால்தான் அவர்களுக்கான அரசுத் துறை வெளி மருத்துவர்களோடு மின்னணு ஆவணங்களைப் பகிரும். 2018இல் இயற்றிய சட்டத்தின்படி, 2020 ஜனவரி முதல் அது தலைகீழானது: வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்களின் ஆவணங்கள், பங்குகொள்ளும் மருத்துவர்களோடு சிகிச்சைக்காகப் பகிரப்படும். அன்றிரவு அந்த அம்மாவின் அருகில் அமர்ந்திருந்த எனக்கு, அதுவே சிறந்த முறை என்று தோன்றியதுண்டு.

ஆனால் ஒரு போதகரிடம் வேறு காரியங்களும் வந்து சேர்கின்றன. தூக்கத்தில் இன்னும் பனிமலையில் காவல் நிற்பவர், குடியை விட மருந்து எடுத்தவர், மனநல மருத்துவரைக் கண்டதை மனைவிக்கும் சொல்லாதவர் எனப் பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். தம் தாள் எவர் கண்ணிலெல்லாம் படும் என்ற அச்சம் வந்தால், அவர்கள் மருத்துவரிடம் செல்வதையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே, கேட்டபின் கொடுக்கும் நம் முறையையே நான் விரும்புகிறேன். நினைவிழந்து கிடப்பவர் எவ்வாறு இசைவு தருவார் என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு இன்றும் கைகொடுப்பது, சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாளும் மாத்திரைகளின் பெயரறிந்த மனைவியும்தான்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் மஞ்சள் பைகளோடு சபை மண்டபத்துக்கு வாருங்கள். தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் படமெடுக்க வாலிபர் இருவர் உதவுவார்கள். மாத்திரைகளின் பெயரும் அளவும் தமிழில் எழுதிய அட்டை ஒன்று வீட்டு அம்மாமார் கையில் தரப்படும். ஆபா எண் வேண்டுவோர் ஆதாரோடு இணைத்த கைப்பேசியைக் கொண்டுவாருங்கள். அதில் வரும் ஓ.டி.பி.யை நீங்களே உள்ளிடுங்கள், எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம். பிறர் பார்க்கக் கூடாத தாள் ஏதேனும் இருந்தால், பையை எடுத்துவரும் முன் அதைத் தனியே எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அது என்ன என்று எவரும் கேட்கமாட்டார்கள்.