யார் செய்தது என்ற சொல்

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் பல வருடம் சிங்களச் செய்திகளைத் தமிழாக்கினேன். இராணுவம் ஓர் ஊரை 'முதாகத்தா' என்று அறிக்கை வரும். விடுவித்தது என்று அப்படியே போட்டால் அது அரசாங்கத்தின் குரல், ஆக்கிரமித்தது என்றால் மறுபக்கத்தின் குரல். 'கைப்பற்றியது' என்று எழுதிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். வெலிஓயா என்ற ஊர்ப்பெயர் வந்தால் இன்னும் சிக்கல். அதை மணலாறு என்றே நாங்கள் எழுதினோம். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான், மணல் ஆறு. ஆனாலும் எந்தப் பெயரைப் போடுகிறோமோ, அந்த மண் யாருக்கு என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

எங்கள் ஆசிரியர் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது 1958 கதை. அந்த மே மாதம் பொலன்னறுவையில் தமிழர்மீது தாக்குதல் தொடங்கியிருந்தது. பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் பேசியபோது மட்டக்களப்புப் பகுதியில் சிலர் இறந்ததைச் சொல்லி, நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்னவின் பெயரை மட்டும் குறிப்பிட்டார். மற்ற இடங்களின் வன்முறை அதன் விளைவு என்பதுபோல் பேச்சு அமைந்தது. அவர் சொன்ன மரணம் பொய்யில்லை. அதற்கு முந்திய நாட்களில் நடந்தவை பேச்சில் இல்லை. கேட்டவர்களுக்குத் தமிழரே தொடங்கியதாகப் பட்டது. அதே கலவரத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் டார்ஸி விட்டாச்சி எழுதிய புத்தகம் லண்டனில்தான் அச்சாக முடிந்தது.

1983இலும் இதுதான் நடந்தது. ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட செய்தி நாடெங்கும் போனது. அதற்குப் பழியாக யாழ்ப்பாணத்தில் பொதுமக்களை இராணுவம் சுட்டுக்கொன்ற செய்தி தணிக்கையில் நின்றுவிட்டது. பாதிச் செய்தியைப் படித்த தெற்கில் வீடுகள் எரிந்தன.

இந்தப் பாடத்தை நான் ஆழமாகக் கற்றவன். 'பொதுமக்கள் உயிரிழந்தனர்' என்று சிங்கள அறிக்கை வந்தால், யார் சுட்டது என்று தொலைபேசியைத் தூக்குவேன்.

2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு ஒருநாள் புத்தளத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம். நான் எழுதிய செய்தி ஒன்றை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்திருந்தார். மேசையில் விரித்து, 'இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இடம்பெயர்ந்தது எண்டா நாங்களா எழும்பிப் போனமெண்டெல்லோ அர்த்தம். எங்களைப் போகச் சொன்னவை. ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவை."

அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அன்று மாலை பழைய இதழ்க் கட்டுகளை இறக்கிப் புரட்டினேன். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப்புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதைப் பற்றி நான் எழுதியவற்றில் எல்லாம் 'இடம்பெயர்ந்த', 'அகதிகளான' என்றே இருந்தது. செய்தவர் எங்கள் பக்கத்தவர் என்றதும் என் வாக்கியத்திலிருந்து எழுவாயே போய்விட்டது. யாரும் என்னிடம் அப்படி எழுதச் சொல்லவில்லை. புலிகளுக்குப் பயந்து மட்டும் எழுதினேன் என்றும் சொல்லமாட்டேன். அந்தச் சொல் கைக்கு இலகுவாக வந்தது, அவ்வளவுதான். சிங்களப் பத்திரிகைக்காரனிடம் நான் கண்ட குற்றம் அத்தனையும் என் கையெழுத்தில் இருந்தது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

அடுத்த கிழமை புத்தளம் முகாம்கள் பற்றிய செய்தி ஒன்று வந்தது. 'வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள்' என்று தலைப்பிட்டேன். ஒப்புநோக்கும் தம்பி பிரதியோடு எழும்பி வந்தான்.

"அண்ணை, ஆரால எண்டு கேப்பினம்."

பிரதியை வாங்கி, 'விடுதலைப்புலிகளால்' என்று முதல் வரியில் சேர்த்தேன். செய்தி ஒரு வரி நீண்டது. கீழே இருந்த மரண அறிவித்தலைச் சற்று இறக்கி இடம் எடுத்தோம்.