இடது பக்கம்

சாரல் மாதங்களில் தென்காசிக்குப் போனால் எல்லாக் காரும் புதுக்கார்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கி ஊரே நனைந்து கிடக்கும். குற்றாலத்தில் பேரருவிக்கு வெளியே நிற்கும் பத்து வருடப் பழைய டாக்ஸிகூட அப்போதுதான் ஷோரூமிலிருந்து இறக்கியது மாதிரி மினுங்கும். பெயின்ட்டில் விழுந்த கீறல் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தின் ஓரங்களில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தண்ணீர் போய் நிரப்பிக்கொண்டால் சிதறல் குறையும், கோடு மறையும். காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கும்.

நான் வருடா வருடம் ஜூலையில்தான் ஊருக்குப் போவேன். அப்பாவின் வேகன் ஆரை ஐந்து வருடமாக ஈரத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது போன மார்ச்சில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான் உறைத்தது. மத்தியான வெயிலில் தெருவில் நின்றிருந்தது. அடர் நீலம். ஒருகாலத்தில்.

"குரங்குலா கீறிருக்கு. ஐந்தருவிப் பக்கம் நிறுத்துனா அப்படித்தான்" என்றார் அப்பா.

நம்பும்படியாகத்தான் இருந்தது. குற்றாலத்துக் குரங்குகளுக்கு பானெட் ஒரு சறுக்குமரம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அடித்துக்கொள்ளும், வைப்பரைப் பிடித்து இழுக்கும். போதாததற்கு எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் லாரிகளின் தூசி. அதை அப்பா தினமும் காலையில் பழைய பனியனால் காய்ந்த வாக்கில் துடைப்பார். தூசியில் இருப்பது கல்பொடி, பெயின்ட்டைவிடக் கடினமானது. சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உப்புத்தாள் போடுகிறோம். வெயிலில் அந்த பானெட்டைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். உண்மையில் எந்தக் கீறலும் வட்டம் கிடையாது. எல்லாத் திசையிலும் கீறல்கள் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடுகிறவை மட்டும் கண்ணில் படுவதால் வட்டமாகத் தோன்றுகிறது.

இதையெல்லாம் இவ்வளவு தெரிந்துவைத்திருப்பதற்குக் காரணம், என்னிடம் ஒரு பாலிஷ் மெஷின் இருக்கிறது. ஆபீஸில் நான் இதைப் பற்றி ஆரம்பித்தால் டீ குடிக்க வந்தவர்கள் கப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பட்டறைகளில் பஃபிங் என்று போடுவது பெரும்பாலும் ரோட்டரி. பேட் ஒரே அச்சில் சுற்றும், நன்றாக அறுக்கும், ஆனால் ஒரே இடத்தில் சூடு ஏறும். ஒரு நொடி அசந்தால் ஓரங்களில் பெயின்ட் எரிந்துவிடும். நான் வைத்திருப்பது டூயல் ஆக்‌ஷன். சுற்றிக்கொண்டே மையம் விலகித் தள்ளாடும். அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும். கோபக்காரர்களுக்கு ஏற்ற மெஷின் கிடையாது.

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பெயின்ட்டின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. ஏறத்தாழ 40, 50 மைக்ரான். தலைமுடியின் கனம்கூட இருக்காது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் நல்ல இடத்தை இழைத்து இறக்குகிறோம், தச்சர் பலகையை இழைப்பது மாதிரி. ஒவ்வொரு தடவையும் ஓரிரு மைக்ரான் போய்விடும். போனது வராது. ஆழமான கீறலைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட்டே தீர்ந்துவிடும். அதனால் முதலில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

முதல் நாள் பானெட்டும் கூரையும். கழுவி, களிமண் போலிருக்கும் கிளே பாரால் ஒட்டிய அழுக்கை உருவி எடுத்து, ரப்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, காம்பவுண்டு வைத்து மெதுவாக ஓட்டினேன். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்துகொண்டு ஏமாற்றும். சாயங்காலம் பானெட்டில் பக்கத்து வீட்டு வேப்பமரம் தெரிந்தது. அப்பா கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "கண்ணாடி கணக்கா ஆயிட்டுலா" என்றார்.

இரண்டாம் நாள் இடது பக்கம். முன் ஃபெண்டரை முடித்துவிட்டுக் கதவுக்கு வந்தேன். காம்பவுண்டு வைத்த பேட் மஞ்சளாகத் திரும்பியது. எங்கள் வீட்டு கேட் தூணில் அடித்திருக்கும் மஞ்சள். துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். பம்பர் முனையிலிருந்து பின் கதவு வரை, எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில், படுக்கை வாட்டத்தில். சிலதில் அழுக்கு உட்கார்ந்து சாம்பல் நிறம். சிலது பளிச்சென்று வெள்ளை. ஓர் இடத்தில் பச்சை இழுவியிருந்தது. எங்கள் தெருவில் பச்சைச் சுவர் கிடையாது. குரங்கு நேர்கோடு போடாது.

மெஷினை அணைத்தேன். ஃபெண்டரில் என்ன இருந்தது என்று இனிப் பார்க்க முடியாது. அரைமணி நேரம் முன்புதான் நானே அதை வழித்து எடுத்திருந்தேன்.

2000 நம்பர் வாட்டர் பேப்பர் வாங்குகிற சாக்கில் டிங்கரிங் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். "முன் பம்பர் ஓரம் நான் அடிச்ச பெயின்ட் தம்பி. அங்கன மெஷினை வச்சு அழுத்திராதிய. ஒரு வருசத்துல நாலு தடவை வந்துட்டாரு. உங்ககிட்ட சொல்லாண்டாம்னாரு."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

அவர் பட்டறை வாசலிலிருந்து தெரிந்த கோபுரத்தைக் காட்டினார். "இந்தக் கோயிலுக்கு ஒரு கொற வந்து, அதைச் சரி பண்ணுதவன் எவனா இருந்தாலும் அவன் காலுல விழுதேன்னு பராக்கிரம பாண்டியனே கல்லுல வெட்டி வச்சிருக்கான். சரி பண்ணுதது நம்ம வேல. போய்ச் சொல்லுதது யாரு வேல?"

அவர் சொன்ன கல்வெட்டு உண்மைதான். பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் அப்படி எழுதிவைத்தான். பின்னால் இடி விழுந்து பிளந்து, பல காலம் மொட்டையாக நின்ற கோபுரத்தை 1990இல்தான் ஒன்பது நிலையாகத் திரும்பக் கட்டி முடித்தார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வாட்டர் பேப்பருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பா மறுக்கவில்லை. "நமக்கு வலது பக்கம்லா சீட்டு. உலகத்துல எவன் இடிச்சாலும் இடது பக்கம்தான் இடிப்பான்." அதிலும் நியாயம் இருந்தது. நானே சென்னையில் இரண்டு தடவை இடித்திருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது இடது பக்கமாகப் போய் நின்று காபி டம்ளரை நீட்டினேன். நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் திரும்பவில்லை. "அப்பா" என்றதும் திடுக்கிட்டு, "எப்பல வந்த?" என்றார்.

திருநெல்வேலியில் கண் மருத்துவமனையில் பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். கிண்ணம் போன்ற மெஷினுக்குள் தாடையை வைத்து நடுவில் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுங்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே வந்த அப்பா மெதுவாகச் சொன்னார்: "கொஞ்ச நேரம் வெளிச்சமே வரலைல. மெஷின் ரிப்பேர்னு நெனச்சேன்."

கிளாக்கோமா. கண் அழுத்த நோய். இரண்டு கண்ணிலும் இருந்தது, இடதில் முற்றியிருந்தது. நமக்கு இடது கடைசி ஓரத்தை இடது கண் மட்டும்தான் பார்க்கிறது. அது போனால் ஈடுகட்ட ஆள் கிடையாது. வலி இருக்காது. போன இடம் கறுப்பாகவும் தெரியாது, மூளை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிக்கொள்ளும் என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். ஆலங்குளம் தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. சாவியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை அது என் லேப்டாப் மேல் இருந்தது.

அன்று சாயங்காலம் மெஷினை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். "கதவைப் பாதியில விட்டுட்டியே" என்றபடி வந்தார். "நான் புடிச்சுப் பாக்கட்டா?"

கொடுத்தேன். வயரைத் தோளில் போட்டுவிட்டு அவருக்கு இடது பக்கம் நின்றுகொண்டேன். "அழுத்தாதீங்கப்பா, அதுவே சுத்தும்." முதலில் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி வேகமாக ஓட்டினார். பிறகு பிடிபட்டுவிட்டது. கையை வைத்துத் தடவிப் பார்த்துப் பார்த்து ஓட்டினார், கண்ணால் அவ்வளவாகப் பார்க்கவில்லை. ஒரு சதுரம் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"போயிட்டா?"

ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். மேலோட்டமானவை போயிருந்தன. கைப்பிடிக்குக் கீழே ஒன்று, நகம் மாட்டுவது, அப்படியே இருந்தது.

"ஒண்ணு இருக்குப்பா. அதை எடுக்க முடியாது."

கட்டைவிரல் நகத்தை வைத்து அந்தக் கோட்டை ஒருமுறை நீளமாக இழுத்துப் பார்த்தார். "இது மேலகரம் வளைவுல வாங்குனது" என்று சொல்லிவிட்டு, அடுத்த சதுரத்துக்குக் காம்பவுண்டு கேட்டுக் கையை நீட்டினார்.