எந்தப் பருவத்தின் படம்?

பிரான்சில் வருடக் கடைசி நெருங்கும்போது தபாற்காரர் கதவைத் தட்டுவார். கையில் ஒரு கட்டுக் கலண்டர்கள் இருக்கும். விலை என்று ஒன்றில்லை, விரும்பியதைக் கொடுக்கலாம். ஆனால் எந்தப் படம் வேண்டுமென்று நாம்தான் தெரிந்தெடுக்க வேண்டும். பனி மூடிய மலை, பூத்த அப்பிள் மரம், கோதுமை வயல், பூனைக்குட்டி. 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் வழக்கம் இது. அதே வாரங்களில் லாசப்பல் கடைகளில் சாமான் வாங்கினால் இன்னொரு கலண்டர் கிடைக்கும். முருகன், பிள்ளையார், லட்சுமி. கீழே ராகுகாலமும் அட்டமி நவமியும். அதில் தெய்வம் உண்டு, நாள் உண்டு, நிலம் மட்டும் இல்லை. எங்களில் பலருடைய வீடுகளில் முதலாவது குசினியிலும் இரண்டாவது சாமிப்படத்துக்குப் பக்கத்திலும் தொங்குகின்றன.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கலண்டர் ஒன்றைச் செய்வதென்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக்காரர் தீர்மானித்தார்கள். நாங்கள் பதினான்கு பேர். பெயர் வைத்த சங்கமல்ல. சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் விரட்டியதால் வந்தவர்கள் பாதிப்பேர். மற்றவர்கள் முப்பது வருடம் றெஸ்ரோறண்டுக் குசினிகளில் நின்று முழங்கால் தேய்ந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் இருவரும் உண்டு. லாசப்பலிலிருந்து கார் து நோர் வரை நடந்து, புறநகர் வண்டியில் ஓறி-லா-வில் போய் இறங்கினால் சாந்தியிக் காடு. அங்கே எடுத்த படங்களில் நான்கைத் தெரிந்து, பருவத்துக்கு ஒன்றாகப் போடுவதென்பது திட்டம். கடையொன்றின் பின்னறையில் இரண்டு மாலைகள் இருந்தோம். நானூறு படங்கள் வந்திருந்தன.

குளிர்காலத்துக்கென்று வந்த படங்களில் எல்லாம் பனி. இலையற்ற மரங்களுக்கிடையே வெள்ளை நிலம், கால்தடங்கள். அழகான படங்கள்தான். எங்களில் மூத்தவர் ஒருவர் அவற்றைத் தள்ளி வைத்தார்.

"உந்தக் காட்டை நான் ஒருக்கா நடந்து முடிச்சிட்டன். திருப்பி மூண்டு மாசம் சுவரிலை வைச்சுப் பாக்க ஏலாது."

அவர் சொன்னது இந்தக் காட்டையல்ல. தொண்ணூறுகளில் ஏஜென்சிக்காரன் கிழக்கு ஐரோப்பிய எல்லையொன்றில் அவரை மூன்று இரவுகள் நடத்திக் கொண்டுவந்தான். கூட வந்தவர்களில் ஒருவருக்குக் கால்விரல்கள் போயின. பனிக்காடு அவருக்குப் பருவமல்ல, பாதை. அந்த அறையில் அதற்குப் பதில் சொல்ல எவரிடமும் ஒன்றுமிருக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் இன்னொரு சிக்கல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை தொங்க வேண்டிய படம். பீச் மரங்கள் செம்பு நிறமாக நிற்கும் ஒரு வழியைப் பெரும்பாலானோர் விரும்பினார்கள். வலிகாமத்து அக்கா ஒருவர் கேட்டார்: "ஒக்டோபர் முப்பது எந்தப் படத்துக்குக் கீழை வருகுது?" 1995 ஒக்டோபர் 30ந் திகதி இரவு, மழைக்குள், வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம், செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும், அடிமேல் அடிவைத்து. அந்த நடையில் அவரும் இருந்தார். எங்கள் வாழ்க்கையின் மிக நீண்ட நடை அது. நடைக்காரர் கலண்டரில் அதற்கு இடமில்லையா என்பது அவருடைய கேள்வி. இங்கே பிறந்த பிள்ளையொன்று மெதுவாகச் சொன்னாள்: "அன்ரி, அது நடை இல்லை. நடை எண்டால் திரும்பி வீட்டை வாறது." அக்கா கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் கோபிக்கவில்லை.

படம்தானே, எதையாவது போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. பாரிசுக்குத் தெற்கே பொந்தேன்புளோக் காடு. நெப்போலியனின் படையில் இருந்த தெனெக்கூர் என்பவர் 1842இலிருந்து அங்கே நடைபாதைகளை வகுத்து, நீல நிற அடையாளம் தீட்டி, வழிகாட்டிப் புத்தகங்களும் விற்றார். காட்டோரம் பார்பிசோன் கிராமத்தில் குடியிருந்த தியோடர் றூசோ போன்ற ஓவியர்கள் தாங்கள் வரையும் கிழட்டு ஓக் மரங்களையும் பாறைகளையும் வெட்டாதே, கெடுக்காதே என்று அரசாங்கத்துடன் வாதாடினார்கள். 1861இல் ஆயிரம் ஹெக்டயருக்கு மேற்பட்ட நிலம் கலையின் பெயரால் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்காவுக்குப் பதினொரு வருடம் முந்தியது அது. படத்துக்குரியதென்று கண்ட காடு தப்பியது. மற்றப் பகுதிகளில் கோடரி தொடர்ந்தது. எதைப் படமாகத் தெரிகிறோமோ அதுவே பிறகு நிலமாக மிஞ்சுகிறது.

பருவத்துக்கும் அப்படித்தான். புரட்சிக்காரர்கள் 1793இல் பழைய மாதங்களைத் தூக்கியெறிந்துவிட்டுப் பருவங்களால் பெயர் வைத்தார்கள். மூடுபனிக்கு புறூமேர், வெண்பனிக்கு நிவோஸ், முளைவிடுதலுக்கு ஜெர்மினால். உலகம் முழுவதற்கும் பொதுவானதென்று சொன்ன அந்தப் பஞ்சாங்கத்தில் இருந்தது பாரிசின் வானிலை. குவாதலூப் தீவில் நிவோஸ் மாதத்தில் எந்தப் பனி பெய்தது? 1806 ஜனவரி முதலாந் திகதியோடு அதைக் கைவிட்டார்கள். எங்கள் இலக்கணத்திலும் பருவம் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியும் புரட்டாதியும் கார்காலமென்பது அந்தக் கணக்கு. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு மாரி, கோடை என்று இரண்டு. இடையில் வாடை, சோளகம் என்று காற்றுகள். லாசப்பலுக்கும் தனிப் பருவமொன்று உண்டு. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் 1996 முதல் நடத்திவரும் தேர். கோடை முடிகிற நாட்களில் தெருவில் உடையும் தேங்காய்களின் மணம் வரும்போது, பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறதென்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கோடைக்கான படத்தில் பிணக்கு வரவில்லை. சாந்தியிக் காட்டுக்குள் கொமெல் குளங்கள் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் துறவிகள் மீன் வளர்ப்பதற்காக அமைத்தவை. ஒன்றின் கீழ் ஒன்றாக, நடுவில் கட்டுகள். அந்தப் படத்தைக் கண்டதும் மூன்று பேர் ஒரே குரலில் "குளக்கட்டு" என்றார்கள். வன்னியில் பிறந்தவருக்கு வேறு சொல் வராது. கரையில் நின்ற ஓக் மரமொன்றின் உச்சி பட்டுப்போயிருந்தது. அந்தக் காட்டில் இப்போது பல மரங்கள் அப்படித்தான். மணல் நிலம், வெக்கை கூடிய கோடைகள், வேரைத் தின்னும் வண்டுப் புழுக்கள். பட்ட மரம் தெரியாமல் படத்தை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாமென்று முடிந்தது. வசந்தத்துக்கு மே முதலாந் திகதி எடுத்த முகே பூக்கள். தொழிலாளர் ஊர்வலத்துக்குப் போகிற நாளில் எல்லோர் கையிலும் இருக்கும் பூ.

குளிர்காலப் படத்தை மூத்தவரே தெரிந்தார். பனி இல்லை. ஈரமான அடிமரம் ஒன்று, அதில் வெள்ளைக்கோடு, கீழே சிவப்புக்கோடு. 1947இல் தொடங்கிய நெடுநடைப் பாதைகளின் அடையாளம் அது. பிரான்சு முழுவதும் அதைத் தீட்டுகிறவர்கள் தொண்டர்கள். "அண்டைக்கு உப்பிடி ஒரு கோடு ஒரு மரத்திலை எண்டாலும் இருந்திருந்தால்..." என்றார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

ஒக்டோபருக்கு, செம்பு நிற மரங்கள் அல்ல, அதே வழி மழை விட்ட கையோடு எடுக்கப்பட்ட படம். சேறு, தண்ணீர் நிற்கும் குழிகள், தூரத்தில் குடைகளோடு எங்களில் நாலைந்து பேர். நாவற்குழியின் படம் எங்களில் எவரிடமும் இல்லை. அன்று ஒருவரும் கமரா கொண்டு வெளிக்கிடவில்லை. 30ந் திகதிக் கட்டத்தில் எதுவும் அச்சிட வேண்டாம், தேவையானவர் தானே எழுதிக்கொள்ளட்டும் என்று அக்கா சொன்னார். ஒக்டோபருக்குக் கீழே ஐப்பசி என்று மட்டும் தமிழில் போட்டோம்.

அறுபது பிரதிகள் அடித்தோம். அடுத்த வருடம் நான்குக்குப் பதில் ஆறு படங்கள் போட்டால் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள். முன்பனிக்கும் பின்பனிக்கும் இந்தக் காட்டில் என்ன வித்தியாசமென்று, இந்தக் குளிர்காலம் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும்.